நிழல் சங்கத்தில் ஒரு மீசை

என் அக்கா வீட்டுக்காரர் பெயிண்டர். வெறும் பெயிண்டர் என்று சொன்னால் கோபித்துக்கொள்வார், வெளிச்சுவர் பெயிண்டர். ஆறு மாடி, எட்டு மாடிக் கட்டடங்களுக்கு வெளியே சாரத்தில் ஏறி நின்று, வெயிலில் வறுபட்டுக்கொண்டே வண்ணம் அடிப்பவர். வீட்டுக்குள் மின்விசிறிக்குக் கீழே நின்று படுக்கையறைக்கு ரோஸ் கலர் அடிக்கிறவர்களை அவர் தொழிலில் சேர்த்ததே கிடையாது. "அவனுங்க பெயிண்டர் இல்ல மாப்ள, மேக்கப்காரனுங்க" என்பார். நான் பெயிண்ட் கடையில் கலர் கலக்கும் இயந்திரத்தைப் பார்த்துக்கொள்கிறவன். என்னை எதில் சேர்த்திருந்தார் என்று நான் கேட்டதில்லை. சில கேள்விகளைக் கேட்காமல் இருப்பதால்தான் உறவு நிற்கிறது.

நாற்பத்தொரு வயது. நல்ல உயரம். முகத்தில் மீசைக்குத் தனி அந்தஸ்து. பல் தேய்க்கிற நேரத்தைப்போல மூன்று மடங்கு நேரம் மீசைக்குப் போகும். வேலையிடத்தில் கண்ணாடி இல்லையென்றால் பெயிண்ட் டின் மூடியைத் துடைத்து அதில் பார்த்துக்கொள்வார்.

அந்த முகத்தில்தான் முதலில் வந்தது. மூக்கின் மேல் பாலம் போட்டதுபோல, இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னம் வரைக்கும் சிவப்பாக ஒரு தடிப்பு. வெயிலில் நின்றால் இன்னும் பளிச்சென்று தெரியும். சாரத்தில் கூட நிற்பவர்கள் தங்களுக்குள் கூடிப் பேசி ஒரு முடிவுக்கு வந்துவிட்டார்கள்: ஆள் காலையிலேயே ஊற்றிக்கொண்டு வருகிறார். மாமா குடிப்பவர்தான். ஆனால் எப்போதாவது ஒருநாள், அதுவும் வேறு யாராவது வாங்கிக்கொடுத்தால். செய்யாத காரியத்துக்குக் கெட்ட பெயர் வருவதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. "நிஜமா குடிச்சிட்டாவது இந்தப் பேரை வாங்கியிருக்கலாம்" என்று வருத்தப்பட்டார்.

பிறகு விரல்கள். ஒருநாள் காலை கடைக்கு வந்து ஒரு டின்னை என் முன்னால் வைத்தார்.

"இதைக் கொஞ்சம் திற மாப்ள."

ஒரு சில்லறைக் காசை வைத்து நெம்பி மூடியைப் பறக்கவிடுகிற மனிதர். திறந்து கொடுத்தேன். "மூடி ரொம்ப டைட்டு. கம்பெனிக்காரன் சரியில்ல" என்றார். அந்த வாரத்தில் மட்டும் மூன்று கம்பெனிக்காரர்கள் சரியில்லாமல் போனார்கள். நான்காவது தடவை, டின்னைத் திறந்து அவர் கையில் கொடுத்தபோது பார்த்தேன்: விரல் கணுக்கள் எல்லாம் வீங்கி, கை ஒரு கையுறையை மாட்டியதுபோல இருந்தது.

காய்ச்சல் வந்தது, போனது, மறுபடி வந்தது. வாய்க்குள் புண். சாப்பிட உட்கார்ந்தவர் தட்டில் கையை வைத்தபடியே தூங்கிப்போனார். அக்கா ஒவ்வொரு டாக்டராக இழுத்துக்கொண்டு போனாள். தோல் டாக்டர் களிம்பு கொடுத்தார். எலும்பு டாக்டர் வலி மாத்திரை கொடுத்து உடம்பைக் குறைக்கச் சொன்னார். மூன்றாமவர் ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்றி வைத்துவிட்டு, "வீட்ல ஏதாச்சும் மனக்கஷ்டமா?" என்று கேட்டார். பக்கத்திலேயே அக்கா உட்கார்ந்திருந்தாள். அவள் பார்த்த பார்வையில், அந்த டாக்டர் அந்தக் கேள்வியைத் தன் பட்டியலிலிருந்தே நீக்கியிருப்பார்.

ஒரு செவ்வாய்க்கிழமை ஐந்தாவது மாடி உயரத்தில், சாரக் குழாயைப் பிடிக்கக் கையை நீட்டினார் மாமா. கை நீண்டது. விரல்கள் மூடவில்லை. குழாயை முழங்கையால் அணைத்து, கால் வைக்கிற இடத்தைப் பார்த்துப் பார்த்துக் கீழே இறங்க நாற்பது நிமிடம் ஆனதாம். மேஸ்திரியிடம் வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டு எனக்குப் போன் பண்ணினார். அக்காவுக்குப் பண்ணவில்லை.

பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். அங்கே மூட்டு வியாதிகளுக்கென்று ஒரு டாக்டரம்மா, சின்ன வயது. அவர் மாமாவின் முகத்தைப் பார்த்த மாதிரி அதுவரை எந்த டாக்டரும் பார்க்கவில்லை. குழாய் குழாயாக ரத்தம் எடுத்தார்கள். அடுத்த வாரம் முடிவு சொன்னார்.

"உங்களுக்கு லூபஸ்."

"பேரே பெயிண்ட் கம்பெனி மாதிரி இருக்கு" என்றார் மாமா.

டாக்டரம்மா சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. "கிருமி வந்தா அடிக்கிறதுக்குன்னு உடம்புக்குள்ள ஒரு படை இருக்கு. உங்களுக்கு அந்தப் படை ஆள் தெரியாம உங்களையே அடிக்குது. தோல், மூட்டு, சில பேருக்குக் கிட்னி."

"அதுக்கு என்மேல என்ன கோவம்?"

"முழுக் காரணம் யாருக்கும் தெரியாது. அடியோட போகாது. ஆனா மாத்திரையை ஒழுங்கா சாப்பிட்டா கட்டுக்குள்ள வைக்கலாம். வெயில் பட்டா ஏறும். இனிமே வெயில்ல நின்னு வேலை பாக்கக் கூடாது."

மாமா எதற்கும் அசையவில்லை. எழுந்து கிளம்பும்போதுதான் டாக்டரம்மா, "ஆம்பளைங்களுக்கு இது அபூர்வம். பத்துல ஒம்பது பேரு பொம்பளைங்கதான்" என்று சொன்னார். அங்கேதான் மாமா உடைந்தார். வெளியே வராந்தாவில் என் தோளைப் பிடித்துக்கொண்டு, "ஆம்பளைக்குன்னு எத்தனை வியாதி இருக்கு மாப்ள. அதுல ஒண்ணு குடுத்திருக்கக் கூடாதா?" என்றார். அக்காவிடம் மூச்சுவிடக் கூடாது என்று மீசைமேல் சத்தியம் வாங்கிக்கொண்டார். எனக்கு மீசை இல்லாததால் அவருடைய மீசைமேல்.

வீட்டில் "ரத்தத்துல ஏதோ அலர்ஜியாம்" என்று சொல்லிவைத்தார். மாத்திரைகள் ஒரு காலி பெயிண்ட் சாம்பிள் டப்பாவுக்குள் குடியேறின. நானும் வாயை மூடிக்கொண்டேன். அது நான் செய்த முட்டாள்தனம். அதற்கான பாக்கியைப் பிறகு அக்கா என்னிடம் தவணை தவணையாக வசூலித்துக்கொண்டாள்.

மாமா சாரத்தை விடவில்லை. முழுக்கைச் சட்டை, கழுத்துவரை பொத்தான், அகலமான தொப்பி, முகத்தில் வெயிலுக்கான வெள்ளைக் களிம்பு. "என்னப்பா, பிரைமர் அடிச்சிட்டு வந்திருக்கியா? ரெண்டாவது கோட்டு எப்போ?" என்று கீழேயிருந்து கேட்டார்கள். ஸ்டீராய்டு மாத்திரை வேலையைக் காட்டியது. பசி கொலைப்பசி, கோபம் அதைவிட. முகம் உப்பி முழு வட்டமாகி, இரண்டு கன்னங்களுக்கு நடுவில் அந்த மீசை நெரிசல் பஸ்ஸில் மாட்டிக்கொண்ட ஆள் மாதிரி நசுங்கிக் கிடந்தது. விரல் வலியைப் பொறுத்துக்கொண்டவரால் அதைப் பொறுக்க முடியவில்லை. யாரிடமும் சொல்லாமல் மாத்திரையைப் பாதியாக உடைத்துச் சாப்பிட ஆரம்பித்தார்.

அதற்கிடையில் ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்கும் நர்ஸ் அவர் கையில் ஒரு துண்டுச் சீட்டைத் திணித்திருக்கிறார். இரண்டாவது, நான்காவது சனிக்கிழமை மாலை நான்கு மணி. நூலகத்தின் அடித்தளத்து அறை. லூபஸ் உள்ளவர்கள் கூடிப் பேசுகிற இடம்.

இனி நடந்தது எல்லாம் பிறகு எனக்குத் தெரியவந்தது.

மாமா போய்க் கதவைத் தள்ளியிருக்கிறார். ஜன்னலே இல்லாத அறை. டியூப்லைட்டை அணைத்துவிட்டு இரண்டு மேஜை விளக்குகள். வட்டமாக நாற்காலிகள். ஒன்பது பேர், ஒன்பதும் பெண்கள். கதவருகே ஆணியில் தொப்பிகளும் துப்பட்டாக்களும் குவிந்து தொங்கின. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். கூட்டத்தை நடத்துகிறவர் தபால்காரம்மா. ஐம்பத்தைந்து வயது, மெலிந்த உடம்பு, உடம்புக்குச் சம்பந்தமில்லாத குரல். மாமாவின் சட்டையில் இருந்த பெயிண்ட் பொட்டுகளைப் பார்த்துவிட்டு, "சுவத்துல ஓதம் பாக்க வந்தீங்களா? அந்த மூலைதான். போன மழையிலேயே சொன்னோம்" என்றாராம்.

"ஆமா" என்றுவிட்டார் மாமா.

அன்றைக்கு நாற்பது நிமிடம் அந்தச் சுவரைச் சாவியால் சுரண்டிக்கொண்டு, முதுகைக் காட்டியபடி, காதை மட்டும் அறையின் நடுவில் வைத்திருந்தார். முடி கொட்டுவதைப் பற்றிப் பேசினார்கள். மாதவிடாய் பற்றிப் பேசினார்கள். மாமா சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டார். "பாத்தா நோயாளி மாதிரியே இல்லையே" என்று சொல்கிறவர்களுக்கு என்ன பதில் சொல்வது என்று ஒரு போட்டி நடந்தது. ஒரு பல் டாக்டர், "'உங்களைப் பாத்தாலும் அறிவில்லாதவங்க மாதிரி தெரியல, அதுக்கு என்ன பண்றது'ன்னு சொல்லுவேன்" என்றார். அவருக்குத்தான் கைதட்டல். தங்களுக்கு அவர்கள் வைத்திருந்த பெயர் நிழல் சங்கம்.

அடுத்த கூட்டத்துக்கும் மாமா ஓதம் பார்க்கப் போனார். அதற்கடுத்ததற்கும் போனார். மூன்றாவது தடவை தபால்காரம்மா பேச்சை நிறுத்தினார்.

"தம்பி, ஒரு மாசமா அந்தச் சுவத்தைத் தட்டித் தட்டிப் பாக்குறீங்க. இதுக்குள்ள ஒரு வீடே கட்டியிருக்கலாம். கன்னத்துல இந்தப் பட்டாம்பூச்சித் தடிப்போட வந்த முதல் பெயிண்டர் நீங்கதான். வந்து உக்காருங்க."

மாமா உட்கார்ந்தார். "டின்னைத் திறக்க முடியல" என்றார். அவ்வளவுதான் சொன்னார். ஒன்பது பேரும் அவரவர் திறக்க முடியாததைச் சொன்னார்கள்: தண்ணீர் பாட்டில், சட்டைப் பொத்தான், பூட்டு, சின்னக் குழந்தையின் செருப்புப் பட்டை. கல்லூரியில் படிக்கிற பெண் ஒருத்தி, "அங்கிள், மூடியைச் சுத்தி ரப்பர் பேண்டு போட்டா வழுக்காது" என்றாள். ரப்பர் பேண்டு யோசனையைவிட அந்த 'அங்கிள்'தான் அவரை அதிகம் பாதித்தது.

இது இப்படிப் போய்க்கொண்டிருக்க, வீட்டில் வேறொரு கதை ஓடிக்கொண்டிருந்தது.

அக்காவுக்கு ரெடிமேட் சட்டைக் கம்பெனியில் செக்கிங் வேலை. தைத்துவரும் சட்டைகளில் பிசிறு, கறை, ஒட்டிக்கொண்டிருக்கும் நூல், முடி எதுவும் இருக்கிறதா என்று பார்த்துத் தள்ளுவது. பதினான்கு வருடமாக அதுதான் வேலை. அப்படிப்பட்ட பெண் கண்ணில் படுகிற மாதிரி, வெயிலுக்காக மாமா சனிக்கிழமை போட்டுக்கொண்டு போகும் கோட்டில் ஒரு நீளமான முடி. அவளுடையது தோள்வரைதான். இது இடுப்புக்கு வரும்.

ஒருநாள் என் கடைக்கு வந்து, இயந்திரத்தை நிறுத்தச் சொல்லி, கைப்பையிலிருந்து மூன்று சின்ன பிளாஸ்டிக் உறைகளை எடுத்து வைத்தாள். ஒவ்வொன்றிலும் முடி. ஒவ்வொன்றின் மேலும் தேதி.

"மூணு பேருடா" என்றாள். "ஒருத்தி நீள முடி. ஒருத்தி சுருட்டை. ஒருத்தி சாயம் போட்டவ."

"அக்கா, மாமாவுக்கு அவ்வளவு தெம்பு எங்க இருக்கு?"

"அதான் எனக்கும் புரியல. எங்கிட்ட வந்து விழுந்து தூங்குறாரு. சனிக்கிழமை ஆனா மட்டும் தொப்பி, கோட்டு, மூஞ்சியில கிரீமு. போன்ல 'தபால்'னு ஒரு பேரு. நேத்து அது என்ன அனுப்பியிருக்கு தெரியுமா? 'ராத்திரி முழுக்க தூங்கல, உங்களுக்கு எப்படி?'ன்னு."

எனக்கு நோய் தெரியும், சனிக்கிழமை தெரியாது. நோயைச் சொன்னால் மீசைச் சத்தியம். சொல்லாவிட்டாலோ அக்கா அடுத்து என்ன செய்வாள் என்று தெரியாது. கடைசியில், உண்மையைச் சொல்லுகிறேன், எனக்கும் சந்தேகம் வந்துவிட்டது. மனிதர் சாகப்போகிறோம் என்று நினைத்து அவசர அவசரமாக வாழ ஆரம்பித்துவிட்டாரோ என்று நினைத்தேன்.

நான்காவது சனிக்கிழமை பின்னாலேயே போனோம். அக்கா கம்பெனியிலிருந்து அரைநாள் விடுப்பு எடுத்திருந்தாள். மாமா நூலகத்துக்குள் நுழைந்ததும் அவள் முகம் குழம்பியது. வாழ்க்கையில் பெயிண்ட் கேட்லாக்கைத் தவிர எதையும் புரட்டாதவர். "நூலகத்துலயா?" என்றாள், துரோகத்தில் அந்தப் பகுதிதான் மோசமானது என்பதுபோல. படி இறங்கினோம். அக்கா கதவைத் தட்டவில்லை. தள்ளினாள்.

உள்ளே மங்கல் வெளிச்சம். நடுவில் நாற்காலியில் மாமா, பேண்ட்டை முழங்கால்வரை சுருட்டிவிட்டு உட்கார்ந்திருந்தார். ஒரு பெண் தரையில் மண்டியிட்டு அவர் கணைக்காலைப் பிடித்திருந்தார். மூன்று பேர் மேலிருந்து குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். மற்றவர்கள் சுற்றி நின்றார்கள்.

அக்கா மூன்று பேருக்குத் தயாராக வந்திருந்தாள். எட்டுப் பேரைப் பார்த்ததும் கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"ஏங்க" என்றாள். அதற்குமேல் போகவில்லை.

மாமா எழுந்திருக்கப் பார்த்தார். மண்டியிட்டிருந்தவர் விடவில்லை. அவர்தான் தபால்காரம்மா. கட்டைவிரலால் கணைக்காலை அழுத்தி, எடுத்து, எல்லாருக்கும் காட்டினார். விரல் அழுத்திய இடத்தில் பள்ளம் அப்படியே நின்றது.

"குழி விழுது பாருங்க. ரெண்டு கால்லயும்" என்று சொல்லிவிட்டு அக்காவைப் பார்த்தார். "நீங்க இவரு சம்சாரமா? நல்லவேளை வந்தீங்க. வீட்ல இவரு ஒண்ணுக்குப் போனா நுரை நுரையா இருக்கா?"

கணவனின் கள்ளக்காதலியிடமிருந்து அக்கா எதிர்பார்த்து வந்த முதல் வாக்கியம் அது இல்லை.

"யாரு நீங்கள்லாம்?" என்றாள்.

பல் டாக்டர் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு அவளை உட்காரவைத்தார். யார், என்ன, எதற்கு என்று இரண்டு நிமிடத்தில் சொல்லி முடித்தார். லூபஸ் என்ற வார்த்தையை அக்கா அப்போதுதான் முதன்முதலாகக் கேட்டாள். கேட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். நான் ஓதம் படிந்த மூலையைப் பார்த்தேன்.

"அப்ப இது?" என்று கைப்பையைத் திறந்து மூன்று உறைகளையும் மேஜைமேல் வைத்தாள்.

கல்லூரிப் பெண் குனிந்து பார்த்தாள். "ஐயோ, இது என்னோடது" என்றாள், காணாமல் போன கம்மல் கிடைத்ததுபோல. சாயம் போட்ட முடி பல் டாக்டருடையது. சுருட்டைமுடிக்காரி அன்றைக்கு வரவில்லை. "எங்க முடி எங்க தலையில தவிர எல்லா இடத்துலயும் இருக்கும்மா" என்றார் தபால்காரம்மா. "இந்த வியாதியில அப்படித்தான் கொட்டும். அந்த ஆணியில எல்லார் துணியும் ஒண்ணா தொங்குது. இவரு கோட்டும் அங்கதான். வேணும்னா இன்னும் ஆறு பேரு முடி தர்றோம், செட்டா வச்சுக்குங்க."

முதலில் சிரித்தது யாரென்று தெரியவில்லை. எல்லாரும் சிரித்தார்கள், மாமாகூடப் பயந்து பயந்து சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. அவள் அழவும் இல்லை. மாமாவின் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பள்ளம் இன்னும் நிரம்பியிருக்கவில்லை.

"வேற ஒருத்தியை வச்சிருந்தாலும் எனக்குப் புரிஞ்சிருக்கும்" என்றாள் மெதுவாக. "இதை எதுக்குங்க மறைச்சீங்க?"

"பொம்பளைங்க வியாதின்னாங்க" என்றார் மாமா.

சுற்றி நின்ற பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ரொம்ப கேவலம்தான்" என்றார் தபால்காரம்மா. "எந்திரிங்க. ஆஸ்பத்திரிக்குப் போகலாம்."

"திங்கக்கிழமை போறேன்."

"திங்கக்கிழமை கிட்னி லீவு போடுமா?"

பல் டாக்டரின் காரில் போனோம். அக்கா முன் சீட்டில் உட்கார்ந்து, போகிற வழியெல்லாம் கேள்வி கேட்டுக்கொண்டே வந்தாள். பின் சீட்டில் எனக்கும் தபால்காரம்மாவுக்கும் நடுவில் மாமா. மாத்திரையைப் பாதியாக்கிய விஷயம் அந்தக் காரில்தான் வெளியே வந்தது. அவரே சொன்னார். முகம் இப்படி ஆனது பிடிக்கவில்லை என்றார்.

"எங்க எல்லாருக்கும்தான் மூஞ்சி இப்படி ஆச்சு" என்றார் தபால்காரம்மா. "போன வருஷம் யாரு மூஞ்சி பெருசுன்னு டேப் வச்சே அளந்தோம். நீங்க லேட்டா வந்துட்டீங்க. ஜெயிச்சிருப்பீங்க."

சிறுநீரில் புரதம் போய்க்கொண்டிருந்தது. ரத்த அழுத்தம் எகிறியிருந்தது. சிறுநீரகத்திலிருந்து ஊசியால் கொஞ்சம் சதை எடுத்துப் பார்த்தார்கள். சின்ன டாக்டரம்மா வந்து, இன்னும் இரண்டு மாதம் இப்படியே விட்டிருந்தால் பேச்சே வேறாக இருந்திருக்கும் என்றார். மாத்திரையைப் பாதியாக்கியதைப் பற்றி அவர் சொன்னதை இங்கே எழுத முடியாது. அவ்வளவு மரியாதையாகத் திட்ட எனக்கு வராது.

பதினோரு நாள் ஆண்கள் வார்டில் கிடந்தார். சங்கத்தில் முறை போட்டுக்கொண்டார்கள். தினம் மாலை வெயில் இறங்கியதும் தொப்பியும் குடையுமாக ஒவ்வொருத்தியாக வந்து சேர்ந்தார்கள். ஒருத்தி காலைப் பார்ப்பாள், இன்னொருத்தி மாத்திரை அட்டையை எண்ணுவாள், மற்றவள் மீசையைச் சீப்பால் சரிசெய்துவிட்டுப் போவாள். மூன்றாம் நாள் வார்டு நர்ஸ் பொறுக்க முடியாமல், "இதுல சம்சாரம் யாரு?" என்று கேட்டார். மூலையில் உட்கார்ந்திருந்த அக்கா, பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவுக்குப் போல ஒரு விரலைத் தூக்கினாள். பக்கத்துப் படுக்கையில் காலுடைந்து கிடந்த லாரி டிரைவர் மாமாவிடம் இரகசியமாகக் கேட்டார்: "அண்ணே, இது என்ன வியாதிண்ணே? எப்படி வரும்?"

அக்காவுக்குப் பயம் தாமதமாகத்தான் வந்தது. ஐந்தாம் நாள், வராந்தாவில், பல் டாக்டர் அவளுக்கு ரத்தப் பரிசோதனைத் தாளை வரி வரியாக விளக்கிக்கொண்டிருந்தபோது, திடீரென்று தாளை மடித்துவிட்டு அழுதாள். பல் டாக்டர் சமாதானம் எதுவும் சொல்லவில்லை. தன் கையை நீட்டிக் காட்டினார். குளிரூட்டப்பட்ட வராந்தாவில் விரல் நுனிகள் வெள்ளை வெளேரென்று செத்த நிறத்தில் இருந்தன. "இந்த விரலை வச்சுக்கிட்டு ஒம்பது வருஷமா அடுத்தவங்க வாய்க்குள்ள கைவிடறேன்" என்றார். "முதல் ரெண்டு வருஷம் தினம் அழுவேன். இப்பல்லாம் மாசம் ஒரு தடவை. நீங்க அழுங்க, நான் கூட இருக்கேன்." இருந்தார்.

வீட்டுக்கு அனுப்புவதற்கு முந்தின மாலை நானும் அங்கே இருந்தேன். தபால்காரம்மாவின் முறை. மாமா ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். எதிரே ஒரு கட்டடத்தின் வெளிச்சுவருக்கு யாரோ வண்ணம் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

"இனிமே சாரத்துல ஏற முடியாதுல்ல?" என்றார்.

"முடியாது" என்றார் தபால்காரம்மா.

"உள்வேலைதானா?"

"உள்வேலைதான்."

மாமாவின் கண்ணிலிருந்து தண்ணீர் தலையணையில் இறங்கியது. நான் அதைப் பார்க்காத மாதிரி நின்றேன். தபால்காரம்மா நேராகவே பார்த்தார்.

"நான் பதினேழு வருஷம் தெருத்தெருவா நடந்தவ. எந்த வீட்டு நாய் கடிக்கும், எந்த வீட்டு ஆளு கடிப்பான்னு எல்லாம் தெரியும். இந்த வெயில் ஆகாதுன்னதும் உள்ள தூக்கிப் போட்டுட்டாங்க. உக்காந்து கடுதாசி பிரிக்கிற வேலை. ஒரு ஜன்னல் கிடையாது."

"இப்ப பழகிடுச்சா?"

"இல்ல. இப்பவும் பிடிக்கல" என்றார். "பிடிக்காத வேலைன்னா என்ன, அதையும் திட்டிக்கிட்டே பாக்கலாம். ரெண்டாவது சனிக்கிழமை வந்து எங்ககிட்ட திட்டுங்க. நாங்க கூட சேர்ந்து திட்டறோம்."

மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அந்த ரோலரை அவன் பிடிச்சிருக்கிற லட்சணத்தைப் பாருங்க" என்றார், ஜன்னலைக் காட்டி. அரைமணி நேரம் எதிர்க்கட்டடத்துக்காரனைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். தபால்காரம்மா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார்.

இது நடந்து இரண்டு வருடமாகிறது. சிறுநீரகம் இப்போதைக்குச் சொன்னபடி கேட்கிறது. மேஸ்திரியிடம் நோயின் பெயரை மாமாவே போய்ச் சொன்னார். அவர் தலையைச் சொறிந்துகொண்டு, "தொத்துமா?" என்று கேட்டார். தொத்தாது என்றதும் உள்வேலைக்கு மாற்றிவிட்டார். அதற்குமேல் அந்த உரையாடலில் ஒன்றும் இல்லை. இதற்குப் பயந்துதான் பல மாதம் ஒளிந்து திரிந்தார்.

உள்வேலைக்காரர்களை மேக்கப்காரர்கள் என்று இப்போதும் சொல்லுகிறார், தன்னையும் சேர்த்து. நல்ல நாளில் ஒரு அறைக்குப் பட்டி பார்த்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து முடித்துவிடுவார். கெட்ட நாளில் காலையில் கட்டிலிலிருந்து எழுந்து உட்காருவதே அன்றைய வேலை. அப்படிப்பட்ட நாளில் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு புள்ளியை மட்டும் அனுப்புவார். எழுத விரல் வராதவர்களுக்காக அவர்கள் வைத்திருக்கும் ஏற்பாடு அது. ஒரு புள்ளி வந்தால் அன்று மாலைக்குள் யாராவது ஒருவர் அந்த வீட்டுப் படியேறுவார். சுருட்டைமுடிக்காரிக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். அவளிடமிருந்து புள்ளி வந்தால் மாமாவும் அக்காவும் போய், அவளைத் திட்டிச் சிரிக்கவைத்துவிட்டு வருகிறார்கள். சிரிக்காத நாளில் சும்மா உட்கார்ந்துவிட்டு வருகிறார்கள்.

அக்காதான் இப்போது சங்கத்தின் செயலாளர். நோய் இல்லாதவர் செயலாளராக இருக்கலாமா என்று ஒரு விவாதம் நடந்தது. "நோய் இருக்கறவங்களை நம்பி ஒரு காரியத்தை ஒப்படைக்க முடியுமா? பாதி பேரு தூங்கிட்டிருப்பாங்க" என்று தபால்காரம்மா தீர்ப்புச் சொன்னார். இந்த மாத்திரை கண்ணைக் கெடுக்காமலிருக்க யார் எப்போது கண் பரிசோதனைக்குப் போக வேண்டும், யார் டாக்டரிடம் பொய் சொல்லுகிறார்கள் என்பதெல்லாம் அக்காவின் நோட்டில் இருக்கிறது. சட்டையில் பிசிறு பார்க்கிற அதே கண்.

சூரியன் விழுந்தபிறகு இருவரும் நடக்கப் போகிறார்கள். டாக்டரம்மா சொன்ன உடற்பயிற்சி. போன வாரம் கடையைப் பூட்டிவிட்டு வரும்போது பார்த்தேன். அக்கா வழக்கம்போல விறுவிறுவென்று முன்னால் போய்விட்டாள். மாமா நாற்பதடி பின்னால், இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றிருந்தார்.

"கொஞ்சம் மெதுவா போயேன். நான் நோயாளி" என்றார்.

"பாத்தா அப்படித் தெரியலையே" என்றாள் அக்கா, திரும்பாமல்.

பிறகு ஒரு வீட்டு மதில்மேல் கைப்பையை வைத்து, அதற்குள் எதையோ தேடுவதுபோலக் குடைந்துகொண்டு, அவர் வந்து சேரும்வரை நின்றாள்.